எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றார்

தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஐப்பசி. பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் பருத்தி பூத்திருந்தது. என் கணவர் அமைதிப்படைச் சிப்பாயாகச் சோமாலியாவில் இருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் யாருடைய வீதியையோ அவர் காவல் காக்க, இந்தப் பக்கம் அவருடைய கிணற்றுக்கே வழக்கு வந்தது.

அது பங்குக் கிணறு. அவருடைய பெரியப்பா மகனுக்கு ஒரு நாள், எங்களுக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை. மோட்டார் இணைப்பு தன் பெயரில் இருப்பதால் கிணறே தனக்குத்தான் என்று அந்த மைத்துனர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் எங்கள் பருத்திக்காடு வெறும் புழுதி.

ஆண்பிள்ளை ஊரில் இல்லாதபோது, வீட்டிலிருந்து யார் போய் மடை திருப்பினாலும் முறை செல்லும். கோர்ட்டும் அப்படித்தான் என்று நம்பி, வக்கீல்கூட வைக்காமல் போனேன். டவாலி கணவர் பெயரைக் கூவியதும், “நானுங்க” என்று எழுந்தேன்.

“பட்டாளத்துக்காரரு மீசைய எடுத்துப்போட்டாராட்டம் இருக்குதுங்க” என்றார் மைத்துனர், பக்கத்து ஆளிடம். சிரிப்பு அலையடித்தது.

கணவருக்காக நான் பேச முடியாது என்று நீதிபதி கனிவாகவே சொன்னார். பிரதிவாதி வரவில்லை என்று எழுதிவிட்டால் கிணறு போயிற்று.

மைத்துனரின் வக்கீல் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?”

“சோமாலியாவுலீங்க. பட்டாளத்துல அனுப்பிச்சிருக்காங்க.”

அவர் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். “இத நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?” மைத்துனர் கூரையைப் பார்த்தார்.

வக்கீல் எழுந்தார். பிரதிவாதி அயல்நாட்டில் ராணுவப் பணியில் இருக்கிறார், அவர் திரும்பும்வரை வழக்கை நிறுத்திவைக்கச் சட்டமே இருக்கிறது என்று, தன் வழக்கைத் தானே தடுத்து நிறுத்தினார். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

வராந்தாவில் மைத்துனர் பொரிந்தார். “நீங்க எம்பட வக்கீலுங்களா, அவிக வக்கீலுங்களா?”

“உங்க வக்கீல்தானுங்க. அவரு வரட்டும், நேருக்கு நேரா நல்லாச் சண்டை போட்டுக்கலாம்.”

சொன்னபடியே, கணவர் திரும்பிய பிறகு அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்விகளால் வறுத்தெடுத்தார் அந்த மனிதர். கணவரும் தன் வாயாலேயே தன் நியாயத்தைச் சொன்னார். கிணற்றில் எங்கள் பங்கு நிலைத்தது.

தூரதேசத்தில் நிற்பவனுக்கும் சொல்வதற்கு ஒரு பக்கம் உண்டு என்று, அவனை வெல்ல வந்தவரே எழுந்து சொன்ன அந்த நொடிக்கு நான் இன்னும் நன்றி சொல்லித் தீரவில்லை.