மத்தியானத்தில் திரும்பும் கேமரா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அலமாரி மேலிருந்த கேமரா மெல்லக் கழுத்தைத் திருப்பியது. ராக்கம்மாள் பழக்கதோஷத்தில் அதைப் பார்த்துக் கையாட்டினாள். ஆட்டிய கை பாதியில் நின்றது.

"நீதான் இங்கன இருக்கியே," என்றாள் மகள் கனகாவிடம். "அப்ப அத யாரு திருப்புறா?"

"எப்பவும் இப்படித் திரும்புமாம்மா?"

"மத்தியானம் பிள்ளையத் தூங்கப் போடுறப்ப திரும்பும். நீ ஆபீசுல இருந்து பாக்குறேனு நெனச்சேன்."

மத்தியானத்தில் கனகா ஒருநாளும் பார்த்ததில்லை. காலை டீக்கும் சாயங்கால டீக்கும் மட்டும்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேமராவைத் திருப்பி வீட்டைப் பார்ப்பாள். எச்சில் கையோடு எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கினாள்.

பேரையூர்ப் பக்கம் ஊரார் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பம் அவளுடையது. பாலிடெக்னிக் முடித்துக் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வாஷரில் மயிரிழைப் பிசிறு இருந்தாலும் திருப்பிவிடுவாள் என்று ஆட்கள் முனகுவார்கள். கணவன் பீமாராவ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். திருநகர் தாண்டிப் புது வீடு கட்டிக் குடிவந்ததும், குழந்தை ரமாவைப் பார்த்துக்கொள்ள ராக்கம்மாளை ஊரிலிருந்து அழைத்து வந்தாள்.

ஒருநாள் ராக்கம்மாள் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தாள். பக்கத்தில் பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. வேலை விட்டு வந்த பிறகுதான் கனகாவுக்குத் தெரிந்தது. அதன் பிறகுதான் இந்தக் கேமரா வந்தது. 2009-ல் அந்தத் தெருவில் யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. கீழவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உமேஷ், பிராட்பேண்ட் மோடத்தோடு இணைத்துக் கொடுத்தான்.

பீமாராவுக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டுக்குள்ள எதுக்குக் கேமரா? ஊரே பாக்கவா?" என்று போனில் கத்தினான். "வேணும்னா நீங்களும் பாருங்க" என்று அவள் இணைய முகவரியை மெயிலில் அனுப்பியபோது, எனக்கொன்றும் வேண்டாம் என்று பதில் போட்டான். அவளும் வீம்பில் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை.

இப்போது உமேஷுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முதலில் கேட்டது இதைத்தான்: "பாஸ்வேர்ட மாத்துனீங்களாக்கா? அன்னைக்கே சொன்னேனே."

"மாத்தல."

"கம்பெனில போட்டு அனுப்புற அட்மின்கிற பாஸ்வேர்டேதான் இருக்கா? சரி, வாரேன். மோடத்தையும் அமத்தி வைங்க."

கனகா கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பிசிறு பார்க்கிறவள், சொந்த வீட்டுக் கதவைத் திறந்துபோட்டிருக்கிறாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்தக் கூடத்தில் நின்றுதான் சேலை கட்டுவாள். குழந்தை குளித்துவிட்டு உடுப்பில்லாமல் ஓடுவதும் இங்கேதான். எவன் பார்த்தான், எத்தனை நாளாகப் பார்த்தான்?

போன் அடித்தது. மஸ்கட் நம்பர். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் பீமாராவ் கூப்பிடுவதில்லை.

"கனகா, கரண்டு போயிருச்சா?"

"இல்லையே, ஏன்?"

"திடீர்னு படம் நின்னுபோச்சு. அத்தைக்குத்தான் எதுவும் ஆயிருச்சோனு..."

சொல்லிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது.

"நீங்களா?" என்றாள் கனகா.

"சாப்பாட்டு நேரத்துல பிள்ளையப் பாப்பேன். வேணாம்னு சொல்லிட்டு உங்கிட்ட எப்படிக் கேக்க? சும்மா அட்மின்னு அடிச்சுப் பாத்தேன், தெறந்துக்கிச்சு."

கனகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திட்ட வாயெடுத்தவள், "உங்களுக்குத் தெறந்தா எல்லாருக்கும் தெறக்கும்ங்க," என்று மட்டும் சொன்னாள். அதையேதான் தானும் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்ததாகவும், சொன்னால் தன் குட்டு உடைந்துவிடும் என்று இருந்துவிட்டதாகவும் அவன் சொன்னான்.

உமேஷ் வந்து மோடத்தையும் கேமராவையும் நோண்டிப் பார்த்தான். "ஒங்க ஆபீசு, மஸ்கட்டு. இந்த ரெண்டு எடத்துல இருந்துதான்க்கா தெறந்திருக்கு. வேற யாரும் வரல." இரண்டுக்கும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டு, அவள் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டில் ஆள் இருக்கும்போது கேமராவை அணைத்தே வைக்கும்படியும் சொன்னான்.

அவன் போன பிறகு ராக்கம்மாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"ஏத்தா, மாப்ளைக்கு அதுல நாம பேசுறதும் கேக்குமா?"

"கேக்காதும்மா. படம் மட்டுந்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல," என்றாள் ராக்கம்மாள். "பிள்ளைகிட்ட அவர வாய்க்கு வந்தபடி அம்புட்டு வஞ்சிருக்கேன்." பெரிய மூச்சொன்றை விட்டுவிட்டு, ஆறிப்போன குழம்பைச் சுட வைக்க அடுப்படிக்குப் போனாள்.