கடைசிப் பெயருக்கு ஒரு புள்ளி

பதினெட்டு வருஷம் ஜாவாவில் புரோகிராம் எழுதியவனிடம் போய், இனிமேல் கோட்லின் என்ற புது மொழியில் எழுது என்றால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது. அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு நாங்கள் செய்து கொடுத்திருந்த மொபைல் ஆப்பை ஜாவாவிலிருந்து கோட்லினுக்கு மாற்றுவதென்று கம்பெனியில் முடிவு செய்தார்கள். நோயாளியைப் பதிவு செய்யும் பகுதி என் பொறுப்பு. ஆறு வாரம் கெடு. முடித்துக் காட்டினால் இப்போது போலவே ஸ்ரீரங்கத்து வீட்டில் இருந்தபடி வேலை செய்யலாம். முடியாவிட்டால் பழைய ஜாவா புராஜெக்ட் ஒன்றுக்குப் போக வேண்டும். அது சென்னை ஆபீஸில், வாரத்தில் ஐந்து நாள். என் மனைவி இங்கே பக்கத்தில் கைலாசபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வேலையை விட்டு வர மாட்டாள், வரச் சொல்ல எனக்கு வாயும் வராது. வெள்ளிக்கிழமை ரயில் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பி ஓடுகிற பிழைப்பை ஏற்கெனவே நாலு வருஷம் பார்த்துவிட்டேன். இன்னொரு தரம் என்னால் முடியாது.

முதல் இரண்டு வாரம் திட்டிக்கொண்டே கழிந்தது. ஜாவாவில் நோயாளியின் விவரங்களை வைக்க ஒரு கிளாஸ், அதாவது ஒரு அச்சு, எழுத எண்பது வரி ஆகும். பெயரைக் கொடுக்க ஒரு ஃபங்ஷன், பெயரை மாற்ற ஒரு ஃபங்ஷன், வயதுக்கும் அதே போல் இரண்டு. கோட்லினில் அத்தனையும் ஒரே வரி. சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கோ யாரோ கையிலிருந்த வேலையைப் பிடுங்கியது போல இருந்தது. பழக்கத்தில் எண்பது வரியையும் எழுதி அனுப்பினேன். எங்கள் டீம் லீடு, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், சென்னையிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், ஃபைலுக்கு கோட்லின்னு பேர் வச்சிருக்கீங்க. உள்ள ஜாவாதான் இருக்கு."

"ஓடுதா இல்லையா?"

"ஓடுது சார். வேட்டி மேல பேன்ட் போட்டுட்டு ஓடுற மாதிரி ஓடுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் மனைவிக்கு வந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை வேறு. ஒரு விவரம் காலியாக இருக்கலாமா கூடாதா என்று கோட்லின் முன்கூட்டியே கேட்கும். இருக்கலாம் என்று சொல்லிவிட்டால், அந்த விவரத்தைத் தொடுகிற இடத்திலெல்லாம், காலியாக இருந்தால் என்ன செய்யப்போகிறாய் என்று சிவப்புக் கோடு போட்டு நிற்கும். ஜாவா இப்படி நச்சரிக்காது. நம்மை நம்பி விட்டுவிடும், பிறகு ஓடும்போது கவிழும். பதினெட்டு வருஷமாகக் கவிழ்ந்ததையெல்லாம் நிமிர்த்தியவனிடம் கேள்வியா என்று எனக்குக் கோபம்.

இந்த நச்சரிப்பை அடக்க மொழியிலேயே ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஆச்சரியக்குறி போட்டால் போதும். இது காலியாக இருக்காது, எனக்குத் தெரியும், நீ பேசாமல் இரு என்று அர்த்தம். என் குணத்துக்கு ஏற்றதாக அந்த மொழியில் இருந்தது அது ஒன்றுதான். சிவப்புக் கோடு வந்த இடத்திலெல்லாம் போட்டேன். ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. நானே ஐம்பது தடவை பதிவு செய்து பார்த்தேன், ஒரு தடவைகூடக் கவிழவில்லை. திங்கட்கிழமை காலை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஸ்கூட்டரில் முக்கொம்புக்கு அழைத்துப்போனேன். ஆறு வாரமாகத் தள்ளிப்போட்டது. மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டுக் கை கழுவியதும், பெருமை தாங்காமல் ஆப்பை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

"லேப்புக்கு வந்த பேஷன்ட் மாதிரி உன்னைப் பதிவு பண்ணு."

விவரங்களை அடித்துப் பதிவு பட்டனை அழுத்தினாள். ஆப் மூடிக்கொண்டது.

"ஏங்க, காணாமப் போயிடுச்சு."

"சிக்னல் இருக்காது. ஆத்தங்கரை."

"நாலு கோடு இருக்கு."

"உன் போன் பழசு."

"நீங்க வாங்கிக் கொடுத்ததுதான்."

மறுபடி அடித்தாள். மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெயர் அடித்தாள். கடைசிப் பெயர் என்ற கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வயதுக்குப் போனாள்.

"அதுல ஒரு புள்ளி வை."

"எதுக்கு?"

"எல்லாரும் வைப்பாங்க."

"எங்கப்பா பேரும் என் பேர் இல்லை, உங்க பேரும் என் பேர் இல்லை. எனக்கு இருக்கறது ஒரு பேர். இல்லாததுக்கு நான் ஏன் புள்ளி வைக்கணும்?"

பாஸ்போர்ட்டில் ஆரம்பித்து விமான டிக்கெட் வரை எல்லா ஃபாரத்திலும் கடைசிப் பெயர் கேட்பார்கள். நமக்கு இருப்பது இனிஷியல். எவனோ போட்ட கட்டம் என்று திட்டிக்கொண்டே புள்ளி வைத்துப் பழகிய கை என்னுடையது. ஐம்பது தடவையும் அந்தக் கை தானாகப் போய்ப் புள்ளி வைத்திருக்கிறது. நான் கவனிக்கவேயில்லை. இந்தக் கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கோட்லின் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசிப் பெயரே இல்லாத நான், அது காலியாக இருக்காது என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

"நான் ஓட்டிப் பாத்த ஐம்பது தடவையும் புள்ளி வச்சிருக்கேன்," என்றேன்.

"எங்க கிளாஸ்லயும் இப்படிப் பசங்க இருக்காங்க. விடையைப் பாத்துட்டு கணக்கு போடுவாங்க, சரியா வந்துடும்," என்றாள்.

உடனே வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து ஆச்சரியக்குறிகளைத் தேடினால் நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன். கடைசிப் பெயர் இல்லையென்றால் பெயரை மட்டும் காட்டு. டாக்டர் பெயர் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடு. அவ்வளவுதான், பலவற்றுக்கு அரை வரி போதும். அதில் மூன்று இடம் போன வருஷம் ஜாவாவில் கவிழ்ந்து நான் நிமிர்த்திய அதே இடங்கள். அப்போது அந்த மொழி மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான். இருட்டுவதற்குள் முடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் லீடே ஆப்பை ஓட்டினாள். பெயர் அடித்தாள். கடைசிப் பெயர் கட்டத்துக்கு வந்ததும் அவள் விரல் தானாகப் போய் ஒரு புள்ளி வைத்தது. திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புள்ளியை எடுத்துடுங்க. காலியா விடுங்க," என்றேன்.

"காலியாவா? நிஜமாவா சார்?"

"விடுங்க."

விட்டாள். பதிவானது. இன்னும் இரண்டு பேரைக் காலியாகவே பதிவு செய்து பார்த்துவிட்டு, எழுதியிருந்ததைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினாள்.

"வேட்டியைக் காணோமே சார்," என்றாள். "சரி, ஜாவா புராஜெக்டுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிடறேன்."

பள்ளிக்கூட இடைவேளையில் மனைவியைக் கூப்பிட்டேன்.

"சென்னை?"

"போகலை."

"என் மாதிரி ஒத்தைப் பேரு?"

"ஆப் அப்படியே ஏத்துக்கிச்சு. புள்ளி கேக்கலை."

"பரவாயில்லை, நீங்க ஆறு வாரம் எடுத்துக்கிட்டீங்க. அது ஒரே நாள்ல கத்துக்கிச்சு," என்றாள். மணி அடித்தது. வைத்துவிட்டாள்.