ஒரே பெயரில் இரண்டு பதிவுகள்

நேற்றுக் காலையில் என் கைப்பேசி ஒரு கேள்வி கேட்டது. ஒரே பெயரில் இரண்டு எண்கள் இருக்கின்றன, ஒன்றாகச் சேர்த்துவிடவா என்று. ஒன்று என் எண், மற்றது என் சிநேகிதியுடையது. வேண்டாம் என்று தட்டிவிட்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். "ஃபோன் மேலயா கோவம்?" என்று வீட்டில் சிரித்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைப் பக்கம், ஹாலிஎலவுக்கு மேலே. அவளுக்கும் எனக்கும் ஒரே பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்று. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இதை எழுதியது எந்தப் புள்ள என்று தோட்டத்தில் பஞ்சாயத்து நடக்கும். ஊருக்குள் குழப்பமே இல்லை. மேலே இருந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்கள், அதனால் நான் மேட்டு லயத்துப் புள்ள. அவள் வீடு கீழே, அதனால் பணிய லயத்துப் புள்ள. விலாசம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டு இலக்கமும் கிடையாது, வீதியும் கிடையாது, தோட்டத்தின் பெயரோடு சரி.

பட்டப்படிப்பிலும் ஒன்றாகவே சேர்ந்தோம். வணிகக் கணினியியலும் தகவல் முறைமைகளும். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் என் அப்பாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். "இத படிச்சா ஃபோன் ரிப்பேர் பண்ணலாமா?" என்று கேட்டார். "ஃபோன் என்னங்க மாமா, ஆபீஸையே ரிப்பேர் பண்ணுவோம்" என்றாள் அவள். வாய்க்காரி.

வகுப்பு பதுளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். தோட்டத்திலிருந்து சிலிப்பரோடு இறங்கி, றோட்டுக்கு வந்ததும் அதைத் தேயிலைச் செடிக்கு அடியில் ஒளித்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவோம். இன்றைக்கும் மீன் வைத்த சூடான மாலு பாண் வாசம் வந்தால் எனக்குப் பசி வருவதற்கு முன் டேட்டாபேஸ்தான் ஞாபகம் வருகிறது.

அந்தப் பாடத்தில் ஒருநாள் சேர் சொன்னார்: "ஒரே பேர், ஒரே விலாசம்னா ஒரே ஆள்தான் ரெண்டு தரம் பதிஞ்சிருக்கு. ஒன்ன அழிச்சிருங்க."

இவள் கையைத் தூக்கினாள். "அப்ப எங்கள்ல யார அழிப்பீங்க சேர்?"

வகுப்பே சிரித்தது, சேரும் சிரித்தார். அதற்காகத்தான் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் வேண்டும் என்று விளக்கினார். அவள் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

முதலாம் வருடப் பரீட்சைக்கு முதல்நாள் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் பெயர் ஒரேயொரு தரம்தான் இருந்தது. அலுவலகத்தில் பதிவு செய்யும் முஸ்லிம் அண்ணனை நானா என்போம், அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தங்கச்சி, ரெண்டு தரம் விழுந்திருக்குன்னு நெனச்சு நான்தான் ஒன்ன அழிச்சேன்" என்றார். நல்ல மனிதர், எங்கெங்கோ பேசிப் பார்த்தார். சுட்டெண், அதாவது பரீட்சை இலக்கம், ஒன்றுதான், மற்றவர் அடுத்த வருடம் எழுதலாம் என்று பதில் வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். மண்டப வாசலில் மேற்பார்வை மிஸ் பட்டியலைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

"நான்தான் மிஸ்" என்றோம், இரண்டு பேரும்.

அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் போய் எழுதுங்க. நான் ஒரு குறிப்பு எழுதி அனுப்புறேன்" என்றார். அவரை நான் மறக்கமாட்டேன்.

நான் சுட்டெண்ணைக்கூடத் தப்பில்லாமல் எழுதப் படாதபாடு பட்டேன். அவள் நிதானமாக எழுதியிருக்கிறாள். வெளியே வந்ததும், "நம்பருக்குப் பக்கத்துல பணிய லயம்னு போட்டேன். நீ மேட்டு லயம்னு போட்டியா?" என்றாள்.

"இல்லையே, ஏன்?"

"பேப்பர் கலந்தா எப்படிப் பிரிப்பாங்க?"

யார் எங்கே உட்கார்ந்தோம் என்று மிஸ் அனுப்பிய குறிப்பை வைத்தே எங்களைப் பிரித்துவிட்டார்கள். நான் சித்தி, அதாவது பாஸ். அவளுடைய விடைத்தாளை மட்டும் திருத்தவே இல்லை. ஆள் யாரென்று தெரிகிற மாதிரி எந்தக் குறியும் போடக்கூடாது என்பது சட்டமாம். வகுப்பில் படித்ததைப் பரீட்சையிலேயே செய்து காட்டியவள் அவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் தண்டனை. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

"அடுத்த வருஷம் எழுதுறேன், ஒன் நோட்ஸ பத்திரமா வையி" என்று சிரித்தாள். அடுத்த வருடம் வருவதற்குள் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். நோட்ஸ் இன்னும் இருக்கிறது. பாடத்திட்டம்தான் மாறிவிட்டது.

அந்த பேக்கரியும் இப்போது இல்லை, ஃபோன் கடை ஆகிவிட்டது. வகுப்புகள் திரையில் நடக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் படத்தோடு தனி இலக்கம். பணிய லயத்தை மண்சரிவுக்குப் பயந்து உடைத்துவிட்டார்கள். அங்கிருந்தவர்களுக்குத் தனி வீடு, வாசலில் நம்பர். நல்லதுதான், குறை சொல்லவில்லை.

போன திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் யாரோ எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேட்டு லயமா, பணிய லயமா என்று சேர்த்துச் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்க அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.