கோலம் அத்தியாவசியப் பணியில் சேர்ந்த கதை

ருக்கு மாமி எனக்குப் போன் செய்து, தான் செத்துப்போய்விட்டதாகச் சொன்னபோது, நான் குடத்தோடு தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"தனம், நான் போயிட்டேனாம்டி. தெரு பூரா சொல்லிண்டிருக்கா."

"எப்போ மாமி?"

"முந்தாநாளாம்."

குரல் நன்றாகத்தான் இருந்தது. இருமல்கூட இல்லை. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டேன்.

வீட்டு வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் படிப்பதற்காக எங்கள் சங்கத்தில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். ஆளுக்கு ஓர் அனுபவம் சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதினாள். சொன்னதைத்தான் எழுதினாளா என்று திரும்பப் படிக்கச் சொல்லியும் கேட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் திருத்தினேன்.

1. என் வாசல்கள்

மயிலாப்பூரில் குளத்துக்குக் கிழக்கே ஒரு தெரு. அதில் ஒன்பது வாசல் என்னுடையது. வாசல் என்றால் வீடு இல்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் வேறு ஆள். நான் விடியும்போது போய், கேட்டுக்கு வெளியே பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டு வந்துவிடுவேன். சாந்தோம் பக்கம் எங்கள் குப்பத்திலிருந்து நடந்தே போவேன். கல்யாணமாகி வந்த வருஷம் என் மாமியார் ஒரு வாசலைக் கொடுத்தார். மற்ற எட்டும் நான் சேர்த்தது. கோலத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள், சிபாரிசு கிடையாது. அந்தத் தெருவில் சில நாய்கள்கூட என் கோலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விடிந்த பிறகு ஒரு வாசலில் கோலம் இருந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். சாவு விழுந்த வீட்டில் கோலம் போட மாட்டார்கள். அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் போகிற வருகிற எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் போவார்கள்.

2. எண் ஏற ஏற

கொரோனா வந்த முதல் வருஷம். தினமும் சாயங்காலம் டிவியில் இன்றைக்கு இத்தனை பேர் என்று ஓர் எண் சொல்வார்கள். மறுநாள் காலையில் என் காப்பியைப் பார்த்தே அந்த எண்ணை நான் தெரிந்துகொள்வேன்.

எண் சின்னதாக இருந்தபோது வழக்கம்போல எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. கொஞ்சம் ஏறியதும் டம்ளர் காம்பவுண்டுச் சுவர்மேல் இருந்தது, எடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். இன்னும் ஏறியதும் பேப்பர் கப். அதற்கப்புறம், "தனம், நீ ஆத்துலயே குடிச்சுட்டு வந்துடேன்" என்றார்கள். எங்கள் வீட்டில் அப்போது பால் இல்லை. அதை நான் சொல்லவில்லை.

ஒரு வீட்டில் என் துடைப்பத்துக்கு மருந்து அடித்தார்கள். ஒரு வீட்டில் தெளிக்கிற பக்கெட்டில் மஞ்சளைக் கரைத்தார்கள், பக்கத்து வீட்டில் டெட்டால் ஊற்றினார்கள். மூலை வீட்டு மாமா, கோலமாவைக் கடையில் வாங்கி மூன்று நாள் வெயிலில் வைத்தாயா என்று கேட்டார். அது கல்லை இடித்த மாவு சார், அதற்குக் காய்ச்சல் வராது என்றேன். எதற்கும் வை என்றார். வைத்தேன்.

பிறகு ஒவ்வொரு வாசலாகக் கழன்றது. "நிலைமை சரியானதும் சொல்றோம்." ஒன்பதில் ஐந்து போய்விட்டது. நான் யாரையும் கெஞ்சவில்லை. ஆனால் நடந்து திரும்பும்போது கூடையில் மாவு மீந்திருப்பது தோளுக்குத் தெரிந்தது.

3. தடுப்பு

ஒருநாள் போனால் தெருமுனையில் சவுக்குக் கம்பு கட்டி மறித்திருந்தார்கள். தெருவின் அந்தக் கடைசியில் ஒருவருக்கு வந்துவிட்டதாம். நாற்காலி போட்டு ஓர் ஏட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆயா, உள்ள போகக் கூடாது."

"பால்காரன் போறான்?"

"பால் அத்தியாவசியம்."

"பேப்பர் போடறவரு இப்பத்தான் போனாரு."

"அதுவும் அத்தியாவசியம்."

"பேப்பர்ல இன்னா கீது? எத்தினி பேருக்கு வந்துச்சுன்னுதான் கீது. அத நேத்தே டிவில சொல்லிட்டான்."

ஏட்டு மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ இன்னா வேல?"

"கோலம்."

"கோலமா? ஒரு பத்து நாள் கோலம் போடலன்னா இன்னா ஆயா ஆயிடும்?"

"உனுக்குப் புரியாது நைனா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வெளியாட்கள் யாரையும் விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது தெருச் சங்கத்துச் செகரட்டரி சார் என்று அப்புறம் தெரிந்தது. பாங்கியில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயரானவர். அவர் வாசலும் நான் போட்டதுதான், கழன்ற ஐந்தில் அது முதலாவது.

4. ருக்கு மாமி தவறிய செய்தி

என் கையில் மீதி இருந்த நான்கில் மூன்று வாசலுக்கு அந்தந்த வீட்டுப் பெண்களே ஏதோ இரண்டு கோடு இழுத்துச் சமாளித்தார்கள். கழன்ற ஐந்திலும் அப்படித்தான், பெண்கள் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் கோலம் ஒட்டினார்கள். நான்காவது ருக்கு மாமி. தனி ஆள். மகன் வெளிநாட்டில். இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது, குனிய முடியாது. தெரு முழுவதும் மாமி வாசல் ஒன்றுதான் காலி.

முதல் நாள் பார்த்தார்கள். இரண்டாம் நாள் எதிர்வீட்டுப் பெண் அதை போட்டோ எடுத்து, "ருக்கு மாமி ஆத்து வாசல்ல கோலம் இல்லையே" என்று தெரு குரூப்பில் போட்டாள். அதற்கு யாரோ கைகூப்புகிற படத்தைப் போட்டார்கள். கைகூப்பினால் காரணம் இருக்கும் என்று அடுத்தவர் ஆத்மசாந்தி என்று போட்டார். பிறகு ஒருவர் விடாமல் போட்டுவிட்டார்கள். செகரட்டரி சாரும் போட்டார்.

பால்காரன் கேள்விப்பட்டு, இனி யாருக்கு என்று பாலை நிறுத்திவிட்டான். காய்கறி வண்டி அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் வேகமாகப் போனது. மகனுக்கு அங்கே துக்கம் விசாரித்துப் போன் வந்தது. அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்தான். மாமி எடுத்தார்.

"ஏன்டா அழறே?"

"அம்மா?"

"பின்னே யாரு?"

அதற்குப் பிறகு மாமி ஜன்னலில் நின்று எதிர்வீட்டைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்கள் படக்கென்று சாத்திக்கொண்டார்கள். செத்தவர் கூப்பிடுகிறார் என்று பயந்து அல்ல. மாஸ்க் இல்லாமல் கூப்பிடுகிறார் என்று.

"பால் இல்லாம வெறும் டிகாக்ஷனைக் குடிச்சிண்டிருக்கேன் தனம். இதுக்கு நிஜமாவே போயிருக்கலாம்" என்றார் மாமி.

குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

5. பாஸ்

தடுப்புக்கு அந்தப் பக்கம் செகரட்டரி சார் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரண்டு மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. கொரோனாச் சாவை மறைக்கிறார்கள் என்று யாரோ கார்ப்பரேஷனுக்குச் சொல்லிவிட்டார்களாம். வந்தால் தெருவையே தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்துபோயிருந்தார்.

"தனம், நல்ல வேளை. அந்த மாமி ஆத்து வாசல்ல சட்டுன்னு ஒரு கோலத்தப் போட்டுட்டுப் போயிடு."

"நீங்களே போடக் கூடாதா சார்?"

"காலம்பற சாக்பீஸால ஒண்ணு போட்டேன். அது ஆஸ்பத்திரிக் குறி மாதிரி இருக்குன்னு எல்லாரும் இன்னும் பயந்துட்டா."

ஏட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"ஒரு நாளைக்குன்னா நான் வரல சார்" என்றேன். "அது என் வாசல். தெனமும் வர்றதுன்னா வரேன்."

அவர் யோசித்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பேசினார். மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு பாஸ் வந்தது. என்ன வேலை என்ற இடத்தில் அத்தியாவசியப் பணி என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை அவர்தான் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். ஏட்டு வாங்கிப் படித்தார்.

"கோலந்தானே?"

"கோலந்தான்."

கம்பைத் தூக்கிவிட்டார்.

அன்றைக்கு மாமி வாசலில் உச்சி வெயிலில் போட்டேன். அந்த நேரத்துக்கு யாரும் போடுவதில்லை. இருபத்தொரு புள்ளி, சுற்றிக் காவி. தெரு முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. நான் முடித்து நிமிர்வதற்குள் பால்காரன் வந்து நின்றான்.

மறுநாள் கழன்ற ஐந்து வாசலும் திரும்பி வந்தது. புதிதாக மூன்று. கோலம் இல்லையென்றால் நம் வீட்டையும் அப்படி நினைத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். நான் கேட்கவில்லை, அவர்களே கேட்டைத் தாண்டி நின்று கூப்பிட்டார்கள். காப்பியும் வந்தது. பேப்பர் கப்தான்.

6. வேப்பிலை

பாஸ் முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு விடியற்காலை. செகரட்டரி சார் வாசலைப் பெருக்கிவிட்டு வாளியை வைத்தேன். ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது.

"தனம், கிட்ட வராதே. எனக்கு வந்துடுத்து."

குரல் கம்மியிருந்தது. டெஸ்டில் தெரிந்துவிட்டதாம். சம்சாரம் பெங்களூரில் மகளோடு மாட்டிக்கொண்டிருந்தார், இவர் மட்டும்தான் வீட்டில்.

"கார்ப்பரேஷன்லேந்து கேட்டுல கொரோனா ஸ்டிக்கர் ஒட்ட வருவா. வர்ற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். இத்தன நாளா மத்தவாளை நான் அதட்டினதுக்கு என்னை என்ன பேசுவா சொல்லு. நீ பாட்டுக்குக் கோலத்தப் போட்டுடு. வாயத் தொறக்காதே. பாஸ் நான்தானே போட்டுத் தரணும்."

கடைசியில் சொன்னதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்டது.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு வாசல். எங்கள் வீட்டில் அப்போது என் வேலை ஒன்றுதான். மகனுக்கு ஓட்டல் வேலை, ஓட்டல் மூடியாகிவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தால், தெருவுக்கு வரும் காய்கறிப் பை எல்லாம் செகரட்டரி சார் கேட்டில்தான் வைப்பார்கள். கீரைக்காரி செல்வி அவர் சுவரில்தான் கூடையை இறக்கி மூச்சு வாங்குவாள். என் கோலத்தைப் பார்த்தால், இந்த வீடு நல்லபடி இருக்கிறது என்றுதான் அவள் இறக்குவாள்.

கோலம் போட்டேன். சின்னதாக இல்லை, ஒழுங்காகவே போட்டேன். பிறகு முனையில் பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து அவர் கேட்டில் சொருகினேன். எங்கள் பக்கம் அம்மை வந்த வீட்டில் அப்படிச் சொருகுவோம். பார்த்தவர்கள் உள்ளே போக மாட்டார்கள். வாசலோடு நின்று சாமி பேரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் கேவலமாகப் பேச மாட்டார்கள்.

செல்வி வந்தாள். சுவர்வரைக்கும் வந்து வேப்பிலையைப் பார்த்தாள். கூடையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதுவும் கேட்காமல் ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் செகரட்டரி சாரிடமிருந்து போன்.

"என்ன தனம் இது?"

"கோலம் சார்."

"அது தெரியறது. கேட்டுல என்ன?"

"வேப்பில."

"யாரைக் கேட்டு வெச்சே?"

"வாயத் தொறக்காதேன்னீங்க. நான் தொறக்கல சார்."

"பாஸ் முடியட்டும், பேசிக்கறேன்" என்றார்.

என் யோசனை நன்றாக வேலை செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள்தான் செய்தது. வேப்பிலை கட்டினால் கொரோனா வராது என்று யாரோ குரூப்பில் போட்டு, மறுநாள் தெருவில் எல்லாக் கேட்டிலும் வேப்பிலை. மூலை வீட்டு மாமா காருக்கும் கட்டினார். கோவில் மரம் மொட்டையாகிவிட்டது. ஸ்டிக்கர் ஒட்ட வந்த கார்ப்பரேஷன் பையன்கள் எந்த வீடு என்று தெரியாமல் என்னிடம் கேட்டார்கள். நான் கதவு நம்பரைப் பார்க்கச் சொன்னேன். அப்படித்தான் தெருவுக்கே தெரிந்தது. அவர் பயந்த மாதிரி யாரும் பேசவில்லை. அவரவருக்கு அவரவர் மூக்கில் வாசனை தெரிகிறதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

நான் தினமும் போய், ஸ்டிக்கர் ஒட்டிய கேட்டுக்குத் தள்ளி நின்று தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். பாஸ் இருக்கும்வரை போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

7. கையெழுத்து

பாஸ் முடிகிற நாள். கோலத்தை முடித்து நிமிர்ந்தால் செகரட்டரி சார் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். பாதியாக இளைத்திருந்தார். சட்டை வேறு யாருடையதோ போல இருந்தது.

"பாஸ் இன்னியோட முடியறது இல்லையா?"

"ஆமா சார்."

"கொடு."

கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இடுப்பில் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்ததை எடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்து போன தடவை மாதிரி வரவில்லை.

"உன்மேல கோபம்தான். இன்னும் போகல" என்றார்.

"சரி சார்."

"நடுவுல ரெண்டு மூணு நாள் முழிச்சிண்டிருக்கேனா, கனவா, இருக்கேனா, இல்லையான்னே தெரியல. காலம்பற நீ தண்ணி தெளிக்கற சத்தம் கேட்கும். சரி, இன்னும் இருக்கேன்னு நினைச்சுப்பேன்."

"நான் போடாம உட்டிருந்தா உங்களுக்கும் குரூப்புல ஆத்மசாந்தி போட்டிருப்பாங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். காய்ச்சல் வந்த வீட்டுக்கும் கோலம் போடுங்கள். தள்ளி நின்று போடுங்கள், ஆனால் முழுசாகப் போடுங்கள். கோலம் அந்த வீட்டில் நோய் இல்லை என்று சொல்லாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அதை வேறு எதையாவது சொல்ல வைக்கும்படி யாராவது கேட்டால், செய்யாதீர்கள்.

தடுப்பை எடுத்துவிட்டார்கள். ஏட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பன்னிரண்டு வாசலும் இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. காப்பி எவர்சில்வர் டம்ளருக்குத் திரும்பிவிட்டது. ருக்கு மாமிக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் கடைசி இழையை இழுத்து முடித்ததும் ஜன்னலில் வந்து நிற்பார்.

"தனம், நான் இருக்கேனா?"

கோலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

"இருக்கீங்க மாமி."