அக்கா படிவழியே இறங்கினாள்

அக்கா இறந்த அடுத்த மாதம் வந்த பராமரிப்பு பில்லில், தண்ணீருக்கும் காவலாளி சம்பளத்துக்கும் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: லிஃப்ட் சிறப்புச் சுத்தம். தொகை பெரிதன்று. ஆனாலும் என் கண் அந்த வரியை விட்டு நகர மறுத்தது.

அல்லிநகரத்தில் நாங்கள் இருவரும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தைத் தேடிப் பிடித்ததே லிஃப்டுக்காகத்தான். அரசு மருத்துவமனையில் நர்ஸாக நின்று நின்றே தேய்ந்த முழங்கால்கள் அக்காவுடையவை. நான்காம் மாடிக்கு வாடகைக்கு வந்த நாள் முதல், லிஃப்டின் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொள்ளாமல் அவள் கீழே இறங்கியதில்லை. “இந்தப் பெட்டிக்குள்ளதான்டி நான் கொஞ்சம் அழகா இருக்கேன்” என்பாள்.

வீட்டிலேயே உயிர் பிரிந்தபின் கடைசியாக இறங்கியபோது அவளுக்கு அந்த லிஃப்ட் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களின் ஸ்ட்ரெச்சர் அதற்குள் நுழையாததால், திருப்பத்துக்குத் திருப்பம் தூக்கிச் சாய்த்துப் படிவழியே இறக்கினார்கள்.

பில்லை எடுத்துக்கொண்டு தரைத்தளத்து அறைக்குப் போனேன். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர், பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். மரியாதை தெரிந்த மனிதர்தான்.

“கோவிச்சுக்காதீக டீச்சர். பொணம் எறக்குன லிஃப்டுன்னு நாலு வீட்டுப் பொம்பளைக ஏற மாட்டேன்னுட்டாக. ஐயர வரச்சொல்லித் தண்ணி தெளிச்சோம். அந்தச் செலவ யாரு தலையில போட?”

இதே மனிதர் ஞாயிறுதோறும் நான்காம் மாடிக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி, அக்காவிடம் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டவர். அவள் கை பட்ட இடத்தில் அப்போது யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. அதைச் சொல்ல நா துடித்தது. சொன்னால் அவள் செய்ததற்குக் கூலி கேட்டதாகிவிடும். ஆகவே நடந்ததை மட்டும் சொன்னேன்.

“எங்கக்கா லிஃப்டுலயே போகலையே. படிவழியாத்தான எறக்குனாக? நீங்களும்தான் அங்கன நின்னீக.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, ஆமா! மறந்தே போச்சு பாருங்க. அப்பப் பிரச்சன முடிஞ்சுச்சு. லிஃப்ட் பயன்படுத்தலன்னு எழுதி வரிய எடுத்துருவோம். டீ சொல்லட்டுமா?”

நானும் பாதி எழுந்துவிட்டேன். அப்போதுதான், எதற்குத் தலையாட்டப் போகிறேன் என்பது உறைத்தது. ஸ்ட்ரெச்சர் ஒரு சாண் குட்டையாக இருந்திருந்தால் என் அக்கா தீட்டு. நீளமாக இருந்ததால் மன்னிக்கப்பட்டவள். இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டுதான் நான் வெளியேற வேண்டுமா? மறுபடி உட்கார்ந்தேன்.

“லிஃப்டுல போயிருந்தா நான் குடுக்கணுமா?”

“அதான் போகலையில்ல?”

“போயிருந்தா?”

“காசே வேணாங்குறேன், அதுக்கப்பறமும் மல்லுக்கு நிக்கிறீகளே! பள்ளிக்கூடத்துல புள்ளைகளக் கேக்குற மாதிரியே கேக்குறீக.”

தன் வீட்டுப் பில்லைக் கட்ட வந்த மூன்றாம் மாடிப் பெண் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்காரி. அவள் உள்ளே வந்தாள். “ஏண்ணே, போன வருசம் எங்க மாமாவ நாக்காலியில உக்கார வச்சு இந்த லிஃப்டுலதான எறக்குனாக? எங்களுக்கு ஐயரும் வரல, பில்லும் வரலையே?”

“அது வேற ஆத்தா. நீங்க சொந்த வீட்டுக்காரக.”

“அப்ப எங்க மாமா தீட்டில்லாத சாவு செத்தாகளாக்கும்!”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை மூடநம்பிக்கை என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். அது மூடநம்பிக்கைகூட இல்லை. பத்திரம் இருக்கும் வீட்டில் சாவு துக்கம், வாடகை வீட்டில் சாவு அழுக்கு. ஊரார் இரத்தத்தையும் மலத்தையும் முகம் சுளிக்காமல் துடைத்த ஒருத்தியையே அழுக்காக்க, இவர்களுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் போதுமாக இருந்தது.

“வரிய எடுங்க. ஆனா லிஃப்டுல போகலன்னு காரணம் எழுதாதீக. வாடகைக்கு இருக்கவுக உட்பட யாரு வீட்டுக்கும் இனி இது வராதுன்னு மீட்டிங்குல சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் பில்ல நான் கட்ட மாட்டேன்.”

திருத்திய பில்லில் அந்தக் காரணத்தையே எழுதி அனுப்பினார்கள். திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததில் வரியும் இல்லை, காரணமும் இல்லை; கூட்டம்வரை இழுக்காமல் மற்றதைக் கட்டினேன். கூட்டத்தில் ஏதேனும் பேசினார்களா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் ஒருவரும் வரவில்லை. லிஃப்டில் என்னைக் கண்டால் செயலாளர் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டே வருவார்.

மழைக்காலத்தில் இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்தார். ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தவர். எங்களைப் போலவே வாடகைக் குடி. அவரை நாற்காலியில் வைத்து லிஃப்டில்தான் இறக்கினார்கள். மாதம் முடிந்ததும் அவர் மகனைப் படியருகே நிறுத்தி, பில்லில் புதிதாக எதுவும் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன்.

“இல்லையே டீச்சர். எப்பவும் போலத்தான் வந்துருக்கு. ஏன் கேக்குறீக?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன்.