பாதியில் நிற்கும் வாக்கியம்

ரிப்போர்ட் புத்தகத்தில் ‘காதர் பீவி ஹாஸ்’ என்று எழுதிவிட்டு, பேனாவை மூடி இடுப்புப் பெல்ட்டில் செருகிக்கொண்டு கட்டிலுக்குப் போகிறாள் நர்ஸ் அஜீஸுன்னிசா. வாக்கியம் பாதியில் நிற்கிறது. நோயாளி மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து ‘டேக்கன்’ என்று சேர்ப்பாள். ‘மருந்து எடுத்துவிட்டாள்’ என்ற வாக்கியம் அப்போதுதான் முடியும். இருபது கட்டிலுக்கும் இப்படியே. அவளுடைய டீ தினமும் ஆறிப்போகும்.

எங்கள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் புத்தகம் இங்கிலீஷில்தான். எட்டாவது படித்த நர்ஸுகளான எங்களுக்குக் கம்பவுண்டர் ஸ்தனிஸ்லாஸ் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார்: ஒருவருக்கு ‘ஹாஸ்’, பலருக்கு ‘ஹாவ்’, பின்னால் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். டேக், டுக், டேக்கன்; போவதற்கு கோ, வென்ட், கான். இங்கிலீஷ் எழுதுவது பெரும்பாடு என்பதால், நேற்றைய பக்கத்தைப் பார்த்து எல்லாக் கட்டிலுக்கும் ‘ஹாஸ் டேக்கன்’ போட்டுவிட்டுத்தான் மருந்துத் தட்டையே தூக்குவோம். ஓய்வுக்கு ஒரு வருஷமே இருக்கிற நானும் அப்படித்தான்.

“முழுசா எழுதிட்டுப் போனா கை தேஞ்சிருமாக்கும்?” என்பார் ஸ்தனிஸ்லாஸ், அஜீஸுன்னிசாவிடம்.

“‘டுக்’னா போன கதை. ‘ஹாஸ் டேக்கன்’னா மருந்து இப்ப உள்ள கெடக்குனு நீங்கதானண்ணே சொன்னீக? பாக்காம எப்படி எழுத?”

போன தை மாதம் சேவுகம்பட்டி ராமுத்தாய் வீங்கிய காலோடு வந்து சேர்ந்தாள். இதயக் கோளாறு. ஒரு வாரம் புத்தகம் முழுக்க ‘ஹாஸ் டேக்கன்’, மூச்சிரைப்போ குறையவில்லை. மாத்திரை பலிக்கவில்லை, நாளை மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சீட்டு எழுதினார். அவ்வளவு தூரம் தாங்குகிற உடம்பில்லை அது. அன்று மதியம்தான் அஜீஸுன்னிசா பிரசவ வார்டிலிருந்து எங்கள் வார்டுக்கு மாறி வந்தாள்.

“ஆத்தா, நாக்கத் தூக்குங்க.”

“அதான் முழுங்கிட்டேனே தாயி!”

“செத்த தூக்குங்க, பாத்துட்டுப் போயிர்றேன்.”

மாத்திரை நாக்கின் அடியில் இருந்தது. பழைய மாத்திரைகள் முந்தானை முடிச்சில்.

“அதத் தின்னா சோறு எறங்க மாட்டேங்குது” என்றாள் ராமுத்தாய்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் மதுரைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். நான்காம் நாள் வீக்கம் வடிந்து, ராமுத்தாய் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அந்த வாரத்துப் பக்கங்களில் என் கையெழுத்தும் உண்டு. எனக்கும் அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று, அஜீஸுன்னிசா ‘ராமுத்தாய் ஹாஸ்’ என்று எழுதிப் பேனாவை மூடினாள். வாசலுக்குப் போய், வத்தலக்குண்டு பஸ் முக்கில் திரும்பி மறையும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து பேனாவைத் திறந்து, ‘கான் ஹோம்’ என்று எழுதி மையை ஊதினாள்.