முன்னால் போன சட்டை

என் மாமனார் எதற்கெடுத்தாலும் ரிஷிகளைக் கூப்பிடுவார். "அந்தக் காலத்து ரிஷிங்க சும்மா சொல்லல மாப்ள" என்று ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் மயிலத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவன். ராகு என்று ஒரு கிரகமே கிடையாது, அது வெறும் கணக்குப் புள்ளி என்று தொண்டை வற்ற விளக்குவேன். அவர் மல்லாட்டையை ஓடு உடைத்து, கடலையை வாயில் போட்டுக்கொண்டே கேட்பார். "சரி, அந்தக் கணக்க மொதல்ல போட்டது யாரு?" என்பார். இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது?

ஒரு வியாழக்கிழமை மதியம், திண்டிவனத்தில் அவர் வீட்டில் என்னோடும் என் மனைவியோடும் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு, உடனே விழுப்புரம் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

மாமனார் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ராகு காலம். மூணு மணிக்குப் பொறப்படலாம். போதாக்கொறைக்கு விழுப்புரம் இருக்கற தெக்க சூலம் வேற."

"ஐயோ, உயிரு போவுதுப்பா!" என்று என் மனைவி கத்தினாள். சூலத்துக்குப் பரிகாரமாக அவர் உச்சியில் நல்லெண்ணெயைத் தேய்த்தும் விட்டாள். ராகுவுக்கு மட்டும் அவர் இறங்கி வரவில்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

அப்போதுதான் பரஸ்தானம் நினைவுக்கு வந்தது. கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், முன்னதாகவே நல்ல நேரத்தில் தன் துணி ஒன்றை வழியில் வேறொரு இடத்தில் வைத்துவிடுவார்கள். துணி கிளம்பினால் ஆள் கிளம்பிய கணக்கு. இந்தக் கூத்தை எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"மாமா, உங்க சட்டை காலைல நல்ல நேரத்துலதானே இஸ்திரிக்குப் போச்சு? இஸ்திரி வண்டி தெக்கதானே நிக்குது? அப்ப நீங்க காலைலயே பொறப்பட்டாச்சு."

நெஞ்சைப் பிடித்தபடியே யோசித்தார். "சட்டை போவும்போது ஊருக்குப் போற நெனப்பு இல்லியே மாப்ள."

"நெனப்பு இருக்கணும்னு எந்த ரிஷி சொன்னாரு?"

"அதுவும் ஞாயந்தான்" என்று எழுந்தார். "ஆனா போற வழியில அந்தச் சட்டைய வாங்கிக்கினுதான் போவணும். இல்லன்னா செல்லாது."

ஆம்புலன்ஸ் சைரன் அலற இஸ்திரி வண்டி முன்னால் போய் நின்றது. "இன்னா சார் பேஜாரு இது!" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். இஸ்திரிக்காரர் மிரண்டுபோய், இன்னும் காலர் தேய்க்கவில்லை என்றார். பரவாயில்லை என்று பிடுங்கிக்கொண்டு ஏறினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. ரிஷிகளை அவர்கள் கணக்காலேயே மடக்கிவிட்டேன் அல்லவா!

விழுப்புரத்தில் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "அடைப்பை இப்பவே எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கை ஓடவில்லை. என் வாய் தானாகக் கேட்டது:

"மூணு மணிக்கு மேல ஆரம்பிக்கலாமா டாக்டர்?"

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாமனார் மூக்கு மாஸ்க்கை விலக்கினார். "போடுங்க மாப்ள கையெழுத்த. ரிஷிங்க நேரம் சொன்னது பொறப்படறதுக்கு. நான்தான் வந்து சேந்துட்டனே. இனிமே டாக்டரு சொல்றதுதான்."

போட்டேன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி நின்றேன். மூன்று அடித்த பிறகுதான் உட்கார முடிந்தது.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பிய அன்று காலையிலேயே அந்தக் காலர் கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராகிவிட்டார். வண்டியும் வாசலில் நின்றது.

"இன்னா மாப்ள, உக்காந்துக்கினே இருக்கீங்க? போலாம் வாங்க."

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றேன். "ராகு காலம் முடியட்டும்."